கமராவின் திறப்பு யார் கையில்?

கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள இணையக் கமரா வாங்கிப் பூட்டுகின்றனர். வெளிநாடு சென்ற தாய்மாரோ அம்மம்மாவிடம் விட்டுச் சென்ற பிள்ளைகளின் முகத்தைக் காண இதையே நம்பியிருக்கின்றனர். களவுக்குப் பயந்து கடைக்காரரும் ஒன்று வைக்கிறார். நோக்கம் நல்லதே. ஆனால் அந்தக் கண் வழியாக வேறு யார் பார்க்கக்கூடும் என்று நாம் கேட்பதுண்டா?

இத்தகைய கமரா எடுக்கும் படம் பெரும்பாலும் எங்கோ உள்ள ஒரு கம்பனியின் கணினிக்குப் போய், அங்கிருந்தே மகனின் கைத்தொலைபேசிக்கு வருகிறது. இதற்குக் காவலாக நிற்பது கடவுச்சொல். அது வீட்டுத் திறப்பைப் போன்றது. தொழிற்சாலை ஆயிரக்கணக்கான கமராக்களுக்கு ஒரே திறப்பைப் போட்டு அனுப்ப, நாமும் அதை மாற்றாமல் விட்டால், கதவைப் பூட்டியும் பயனில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016இல் 'மிராய்' என்ற கேடு விளைவிக்கும் மென்பொருள், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதளவை மட்டும் முயன்று பார்த்தே உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வருடம் ஒக்டோபர் 21ஆந் திகதி அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலால் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கமராச் சொந்தக்காரர்கள் எதையும் அறியவில்லை.

இந்தியாவில் நடந்தது இன்னும் வேதனையானது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையின் கமராப் படங்கள், பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்கள், இணையத்தில் விலைக்கு விடப்பட்டது 2025 பெப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்புக்கென வைத்த கமராவே அப்பெண்களின் மானத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனது.

சட்டம் காப்பாற்றுமா? பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லுடன் இப்பொருட்களை விற்பது சட்டவிரோதம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் தரவுகளுக்கு அது பொருந்தாது. ஆகவே வீட்டுக் கமராவைப் பொறுத்தவரை முதற் காவலர் நாமே.

மறைவின் அருமையை ஈச்சிலம்பற்று மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 2006இல் இடம்பெயர்ந்து வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனவர்கள், உடை மாற்றவும் ஒதுக்கிடமில்லாத கூடார வாழ்வை அறிவார்கள். திரும்பி வந்து பாடுபட்டுக் கட்டிய நான்கு சுவரை, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு கமராவுக்காகத் திறந்துவிடலாமா?

கமரா வேண்டாம் என்பது நமது வாதமல்ல. தூரத்திலுள்ள தாய்க்கு அது ஆறுதல். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். பூட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பூட்டித் தந்தவரிடமும் அதைச் சொல்லாதீர்கள். அறையிலும் கிணற்றடியிலும் வேண்டாம். வாசலும் விறாந்தையும் போதும். அயல்வீட்டு முற்றம் படத்தில் விழாமல் திருப்பி வையுங்கள். கம்பனி தரும் மென்பொருள் திருத்தங்களை ஏற்றுங்கள். தேவையில்லாத வேளையில் கமராவைக் கழற்றி விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ளவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். பணம் அனுப்பும் மகனுக்குப் பார்க்கும் உரிமை உண்டென்றால், பார்க்கப்படும் தாய்க்கும் தங்கைக்கும் 'இங்கே வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உண்டு. மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும். கடவுச்சொல் மாற்றத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பின்னேரம் வீடு வீடாகப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.