விவாகரத்தும் பண்பாட்டுக் காவலரும்

விவாகரத்து எளிதானால் குடும்பம் சிதையும். குடும்பம் சிதைந்தால் தமிழ்ப் பண்பாடே அழியும் என்கின்றனர் நம் மேடைப் பேச்சாளர். கண்ணகியைத் துணைக்கு அழையாமல் அவர்களால் ஒரு கூட்டத்தையும் முடிக்க இயலாது. அவர்கள் காக்க முனைவது யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணவிலக்குக்கு மூன்று காரணங்களையே ஏற்றது: சோரம், வன்மத்துடன் கைவிடல், மணநாளிலேயே இருந்த தீராத உடலியலாமை. கணவன் அடிக்கிறான் என்பது தனிக் காரணமாக அதில் இடம்பெறவில்லை. அடி தாங்காது தாய்வீடு சென்றவள், "வெளியேறியவள் நானாயினும் கைவிட்டவன் அவனே" என்று வாதாடி நிறுவ வேண்டும். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புக் கட்டளை பெற்றுத் தரும், விடுதலை தராது.

1977இல் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் ஒரு திருத்தம் வந்தது. ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தோர் மணவிலக்குக் கோரலாம் என்றது. பலருக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால், அது வெறும் நடைமுறை விதி, ஒருவர்மீது குற்றம் நிறுவப்பட்டே தீரவேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே மனமொவ்வாத இருவர் மரியாதையாகப் பிரிய விரும்பினும், ஒருவர்மேல் ஒருவர் சேறு பூசாமல் பிரிய வழியில்லை. இல்லாத குற்றத்தை இருப்பதாகச் சத்தியஞ் செய்வதுதான் பண்பாடா?

இதே தீவில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரும் இணங்கினாற் போதும் என்றது; ஓராண்டு பிரிந்து வாழ்ந்தாலும் போதும் என்றது. நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அதனாற் கண்டிக் குடும்பங்களெல்லாம் சிதறிவிட்டனவா?

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் மோசம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தந்தை சீதனமாக உறுதி எழுதித் தந்த காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. விட்டுப் போனவனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றம் அனுமதி வழங்கலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மெய்தான், அதற்கும் ஒரு வழக்கு, அதற்கும் சட்டத்தரணிக்குப் பணம். பிள்ளையின் படிப்புக்காகத் தன் காணியை விற்க, தன்னை மறந்துபோன ஒருவனின் கையொப்பத்தைத் தேடியலையும் தாயைப் பற்றி நம் காவலர் பேசுவதில்லை. அவர்கள் அவளுக்கு ஒரு பெயர் மட்டும் வைத்திருக்கின்றனர்: வாழாவெட்டி. அதற்கு ஆண்பாற் சொல் உண்டா? தமிழாசிரியர்கள் அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும்.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் நான் மதிக்கிறேன். மணவிலக்கு எளிதானால் ஆண்கள் மனைவியரை உதறிச் செல்வர் என்பது பெண்களே எழுப்பும் அச்சம். ஆனால் உதறிச் செல்பவன் இன்றும் சட்டத்தைக் கேட்டுச் செல்வதில்லை. மறுகிராமத்தில் வேறொருத்தியுடன் குடியிருக்கிறான். ஊரும் அவனைக் கலியாண வீட்டுக்கு அழைக்கிறது. கட்டுண்டு கிடப்பவள் முதல் மனைவியே. அந்த அச்சத்துக்கு மருந்து கதவைப் பூட்டுவதன்று. பராமரிப்புப் பணமும், குடியிருக்கும் வீடும், பிள்ளைகளின் பொறுப்பும் தீர்க்கப்பட்ட பின்னரே பிரிவு முற்றுப்பெறும் என்று விதி செய்யலாம்.

கண்டியருக்கு 1952இல் வழங்கப்பட்ட இரு காரணங்களும், இணக்கமும் ஓராண்டுப் பிரிவும், பொதுச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும். மனைவியின் காணிக்குக் கணவன் கையொப்பம் கேட்கும் விதி அகல வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத் தீர்மானங்களோடு இவ்விரண்டையும் சேர்த்து நிறைவேற்றுவதற்கு என்ன தடை?