பென்ஷன் வாங்கினால் போதுமா? கணக்குக் காட்ட வேண்டாமா?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் மாட்டுங்காவில் உள்ள பேங்குகளின் வாசலில் நம் பெரியவர்களின் கூட்டத்தைப் பார்க்கலாம். ரயில்வேயில் இருந்தவர்கள், துறைமுகத்தில் இருந்தவர்கள், தபால் இலாகாவில் இருந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். "உயிரோடு இருக்கிறேன்" என்று சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். மூட்டுவலி தடையில்லை. கைரேகை விழாவிட்டால் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார்கள்.

அதே பெரியவர்களை ஜூலை மாதத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஜூலை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதம். கேட்டால், "நமக்கென்ன தம்பி, நாமதான் ரிட்டயர் ஆயாச்சே" என்பார்கள். வேலையிலிருந்துதான் ஓய்வு, வரிச் சட்டத்திலிருந்து அல்ல என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். சென்ற ஆண்டு கையில் ஒரு நோட்டீசுடன் என் வீட்டுக்கு வந்தார். 2022-23 நிதியாண்டுக் கணக்கு. அந்த ஆண்டு அவருக்குப் பென்ஷன் மாதம் 40 ஆயிரம். செம்பூரில் ஒரு கடையில் கணக்கு எழுதியதற்கு மாதம் 18 ஆயிரம். ஊரில் உள்ள பேங்கில் போட்ட டெபாசிட்டுக்கு வட்டி வருஷத்துக்கு 90 ஆயிரம்.

பென்ஷன் கொடுத்த பேங்க் தன் பங்கை மட்டும் பார்த்தது. வரி வரவில்லை, பிடிக்கவில்லை. கடை முதலாளியும் தன் சம்பளத்தை மட்டும் பார்த்தார். அதற்கும் வரி இல்லை. ஊர் பேங்கில், "எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்" என்று 15-எச் படிவத்தில் அண்ணாச்சியே கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று இடத்திலும் வரி இல்லை! மூன்றையும் கூட்டினால் 7 லட்சத்து 86 ஆயிரம். கழிவுகள் எல்லாம் போக வரி ஏறக்குறைய 49 ஆயிரம் ரூபாய். வட்டியும் தாமதக் கட்டணமும் தனி.

"ஊர்ல கிடக்கிற பணம் இங்க எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டார். மும்பையானாலும் பாளையங்கோட்டையானாலும் பான் எண் ஒன்றுதானே, அண்ணாச்சி!

அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆபீசே வரியைப் பிடித்துக் கணக்கை முடித்துப் பழகியவர். வேலையில் இருந்தவரை அது சரி. ஓய்வு பெற்ற பின் வருமானம் பல வாசல்களில் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே.

"வாழ்நாளெல்லாம் வரி கட்டினேன், கிழவனான பிறகும் கட்டணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பென்ஷனுக்கு வரியே கூடாது என்பது பென்ஷனர் சங்கங்களின் பழைய கோரிக்கை. கேட்கட்டும், தவறில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், பென்ஷன் அரசு போடும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம். உழைப்புக்கு உரிய ஊதியம் என்று மார்தட்டினால், ஊதியத்துக்கு உள்ள கடமையும் கூடவே வரும். 1961-ஆம் ஆண்டு வரிச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, பென்ஷனைச் சம்பளம் என்றே வைத்திருக்கின்றன.

இதே தாராவியில் ஆயுள் முழுவதும் தோல் பதனிட்டும் இட்லி விற்றும் பென்ஷன் என்ற சொல்லையே காணாதவர்கள் இருக்கிறார்கள். பி.எப். பென்ஷன் வாங்கும் தொழிலாளிக்கு 2014-ல்தான் குறைந்தபட்சம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று வரையறுத்தார்கள். அவர்களும் வாங்கும் செருப்புக்கு வரி கொடுக்கிறார்கள். பென்ஷன் வாங்கும் நாம் கணக்குக் காட்ட மனம் சலிப்பது நியாயமா?

இப்போது இன்னொரு குழப்பம், "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையாமே!" 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் அது உண்மை. பென்ஷனருக்கு 75 ஆயிரம் நிலைக் கழிவும் உண்டு. ஆனால் வரி இல்லை என்பது வேறு, கணக்குக் காட்ட வேண்டாம் என்பது வேறு. அந்த முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 5 லட்சம் பென்ஷனும் இரண்டரை லட்சம் வட்டியும் வருகிறவருக்கு வரி சுழிதான். வட்டி 1 லட்சத்தைத் தாண்டியதால் பேங்க் பத்து சதவீதம், 25 ஆயிரம் பிடித்திருக்கும். கணக்குக் கொடுத்தால்தான் அது திரும்பி வரும். கெடு தப்பினாலோ 5 ஆயிரம் கட்டணம்! கம்யூட்டேஷன், கிராஜுவிட்டிக்கு அரசு ஊழியருக்கு வரி இல்லையே என்பார்கள். இல்லைதான். அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டிக்கு உண்டு.

குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாமார்களின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை. அது சட்டப்படி சம்பளம் அல்ல, இதர வருமானம். அதனால் பேங்க் அதில் வரி பிடிப்பதே இல்லை. புதிய முறையில் 25 ஆயிரம் வரை மட்டுமே கழிவு. கணவர் இருந்தவரை பாஸ்புக்கையே திறந்து பாராதவர், அவர் போன மறுவருஷம் தாமே கணக்குப் போட்டுத் தாமே கட்ட வேண்டும். மகனோ மருமகளோ உட்கார்ந்து பார்க்காவிட்டால் அந்த அம்மாள் என்ன செய்வார்?

75 வயது கடந்து, பென்ஷனும் வட்டியும் ஒரே பேங்கிலிருந்து மட்டும் வந்தால், அங்கே ஓர் உறுதிமொழி கொடுத்துத் தாக்கலிலிருந்து விலக்குப் பெறலாம். 2021 முதல் இந்த வசதி இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? பேங்குகள் இதைத் தமிழிலும் மராத்தியிலும் ஒரு தாளில் அச்சிட்டு நவம்பர் கியூவில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த இடைவெளியில்தான் தெருமுனை ஏஜெண்டுகள் புகுந்துவிடுகிறார்கள். "ரீபண்ட் வாங்கித் தர்றேன், கமிஷன் கொடு" என்று இல்லாத இன்ஷ்யூரன்ஸ், இல்லாத நன்கொடை எல்லாம் எழுதுகிறார்கள். மாட்டினால் ஏஜெண்டு செம்பூரிலும் இருக்கமாட்டார், சயானிலும் இருக்கமாட்டார். பொறுப்பு கணக்குக் கொடுத்தவர் தலையில்.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகின்றன, நல்லது. ஜூலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போடக்கூடாதா? கணக்குத் தெரிந்த இளைஞர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அண்ணாச்சி பணத்தைக் கட்டிவிட்டார். இரண்டு தவணையாக டெபாசிட்டை உடைத்துக் கட்டினார். இந்த ஆண்டு ஜூலை முதல் வாரமே மஞ்சள் பையுடன் வந்து நின்றார். "ஊர் பேங்க் பாஸ்புக் இருக்கா?" என்று கேட்டேன்.

"அதுதான்யா மேலேயே இருக்கு, எடுத்துப் பாரு" என்றார்.