கிழமையறிந்து உண்ணும் மருந்து

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் வாழும் நாம், மழை குறையினும் மிகினும் பருத்தி கெடும் என்பதை நன்கு அறிவோம். மருந்துக்கும் அவ்வாறே அளவும் காலமும் உண்டென்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

முடக்குவாதம் என்னும் நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குகின்றது. அவ்வாற்றலைத் தணிக்கும் மருந்துகளுள் முதன்மையானது மெதோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர்கள் அமெரிக்காவில் தலைமை தாங்கி நடத்திய ஆராய்ச்சியின் பயனாக, 1940-களில் புற்றுநோயை எதிர்க்கத் தோன்றியது இம்மருந்து. முடக்குவாதத்திற்கோ இதனைச் சிற்றளவாக, வாரத்தில் ஒரே நாள் உட்கொள்ளல் வேண்டும்.

எம் அயலில் வாழும் மூதாட்டி ஒருவர், உறைமேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படிக்க இயலாமையால், இம்மாத்திரையை நாள்தோறும் உண்டுவந்தார். வாயெல்லாம் புண்ணாயிற்று, காய்ச்சல் கண்டது. எலும்பு மச்சை குருதியணுக்களை ஆக்கும் தொழிலிற் சோர்ந்துவிட்டது என்றனர் மருத்துவர். பன்னாள் மருத்துவமனையிற் கிடந்து, தேவனருளால் உயிர் பிழைத்தார். குற்றம் அவர்தம் அறியாமையன்று. அறிந்தோர் எடுத்துச் சொல்லாமையே என்பது எம் துணிபு.

முறையாக உண்பவரும் குருதியணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறையும், நிலைபெற்றபின் ஏறக்குறைய 3 திங்களுக்கு ஒரு முறையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். மருத்துவர் கூறியபடி போலிக் அமில மாத்திரையும் உண்ண வேண்டும். மதுவை அறவே விலக்க வேண்டும். கருவுற்றோரும் கருவுற விழைவோரும் இம்மருந்தைத் தொடலாகாது. பிற மருந்துகளுள் சில இதனோடு சேர்ந்து நஞ்சாகுமாதலின், எம்மருந்தையும் கேளாது வாங்கலாகாது. காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, மூச்சுத்திணறலோ தோன்றின் அன்றே மருத்துவரை நாடுக. நலமாயிருக்கின்றோமே, சோதனை எதற்கு என்று கூலி நாளை எண்ணித் தயங்குவோர் பலர். தீங்கு வெளிப்படுமுன் காட்டிக்கொடுப்பது அச்சோதனையே அன்றோ!

ஆதலின், மருந்துக் கடையினர் உறைதோறும் “வாரம் ஒரு முறை மட்டும்” என்று தமிழில் எழுதி, கிழமையின் பெயரையும் குறித்துக் கொடுத்தல் கடன். திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்த மொழியில், உயிர் காக்கும் சில சொற்களை எழுதுதல் அரிதோ? மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, நம் பாட்டியரின் மருந்துப் பையை ஒருமுறை வாங்கிப் படித்துச் சொல்லுவோம். நாம் கற்ற கல்வி அந்த ஒரு நாளிலேனும் பயன்பட்டதாகும்.