சீனப் பால் பொருள்கள் மீதான தடை: ஆய்வகம் முன்னே, அனுமதி பின்னே

சீனப் பாலுக்கும் பால் பொருள்களுக்கும் 2008 செப்டம்பரில் இந்தியா விதித்த இறக்குமதித் தடையை, துறைமுக ஆய்வகங்கள் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கண்டறியும் திறன் பெறும்வரை நீக்கக் கூடாது. அந்தத் திறனை உருவாக்குவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. இதுவே எங்கள் நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு.

2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால் பவுடரால் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். பாலில் தண்ணீர் சேர்த்தால் புரதம் குறையும். ஆனால் வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்தே புரதத்தைக் கணக்கிடுகிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்தான். அதைக் கலந்தால் தண்ணீர்ப் பாலும் தரமான பாலாகத் தேறிவிடும். குடித்த பிள்ளையின் சிறுநீரகத்தில் கல் உருவாகும். பழைய சோதனையை எத்தனை முறை செய்தாலும் இந்தக் கலப்படம் பிடிபடாது. அதற்கென்று தனிக் கருவியும் தேர்ந்த ஆய்வாளர்களும் வேண்டும்.

பலமுறை நீட்டிக்கப்பட்ட தடை, 2019 ஏப்ரலில் துறைமுக ஆய்வகங்களின் மேம்பாட்டோடு இணைக்கப்பட்டது. தேதியை விட்டுத் திறனை அளவுகோலாக்கிய அந்த முடிவை வரவேற்கிறோம். உலக வர்த்தக அமைப்பின் விதிகளும் சான்று போதாதபோது தற்காலிகத் தடையை அனுமதிக்கின்றன. உரிய காலத்தில் மறு ஆய்வையும் கட்டாயமாக்குகின்றன.

தளர்த்துவதைப் படிப்படியாகச் செய்ய முடியும். பித்தப் பசு நோயால் 2003இல் அமெரிக்க மாட்டிறைச்சியைத் தடுத்த ஜப்பான், 2005 டிசம்பரில் 20 மாதத்துக்கு உட்பட்ட மாடுகளுக்கு மட்டும் அனுமதி தந்தது. அடுத்த மாதமே ஒரு சரக்கில் அனுமதிக்கப்படாத முதுகெலும்பு தென்பட, மீண்டும் கதவை அடைத்தது. பின்னர் மீண்டும் திறந்தபோதும், வயது வரம்பு முழுமையாக நீங்கியது 2019இல்தான்.

அரசிடம் நாங்கள் கோருவது:

1. சென்னை, தூத்துக்குடி உட்பட ஒவ்வொரு துறைமுக ஆய்வகத்தின் நிலையையும் வெளியிட வேண்டும். பணி முடியும் தேதியை அறிவிக்க வேண்டும்.
2. தடை நீங்கினால், தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு சரக்கையும் சோதித்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும்.
3. பால் சேர்ந்த சாக்லேட் போன்றவற்றுக்கும் அதே சோதனை வேண்டும். குழந்தை உணவைக் கடைசியாகவே அனுமதிக்க வேண்டும்.
4. வரம்பு மீறிய மெலமைன் ஒரு சரக்கில் கண்டாலும் தடை உடனே திரும்ப வேண்டும்.
5. உள்நாட்டுப் பாலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

எந்த நாட்டின் மீதும் எங்களுக்குப் பகையில்லை. வர்த்தகப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்கும் பொருளாகக் குழந்தைகளின் பால் ஆகிவிடக் கூடாது. இந்தத் தடையின் முடிவை ஆய்வக அறிக்கைதான் தீர்மானிக்க வேண்டும்.