ஓடியவர் குற்றவாளியா?

தோழா! மடவார் என்றால் மங்கையர். வளாகம் என்றால் சூழ்ந்திருக்கும் இடம். மங்கையர் பெயரையே ஊர்ப்பெயராகச் சூடிக்கொண்ட மடவார் வளாகத்திலே, வைத்தியநாதர் கோயில் மணி ஒலிக்கும் முன்பே ஒரு சிறுமி ஓடுகிறாள். காலில் செருப்பில்லை, கையில் கடிகாரமில்லை. இராசபாளையத்து ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டி அவளைக் கடந்து போகிறது. "எதற்கம்மா இந்த ஓட்டம்?" என்றேன். "ஆசியப் போட்டிக்கு அண்ணே!" என்றாள். நான் சிரிக்கவில்லை. நெஞ்சிலே நின்றது வேறொரு பெண்ணின் முகம்.

அவள் ஆசை பேராசை அன்று. 1951 மார்ச்சில் தில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 11 நாடுகள் கூடின. அடிமை விலங்கின் தழும்பு ஆறாத நாடுகள் பல. போரில் தோற்ற ஜப்பானை 1948-ல் இலண்டன் ஒலிம்பிக் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது; தில்லியோ கைநீட்டி அழைத்தது. பகை நாடுகளைக் கூட்டி வைக்க அமைச்சர்கள் ஆண்டுக்கணக்கில் பேசுவர். ஓட்டக்காரர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடித்தனர்.

கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். கல்வியைப் பற்றிப் பேச இவனுக்கென்ன தகுதி என்று கேட்பாய், கேள், தவறில்லை. பந்தயத் தொடக்கக் கோட்டில் நிற்பவளை, "எவர் மகள், எந்தத் தெரு, எந்தச் சாதி?" என்று அந்தக் கோடு கேட்பதில்லை. இந்தப் பாடத்தை எந்த வகுப்பறையும் எனக்கு நடத்தவில்லை.

ஆனால், கோடு கேளாததை நடுவர் கேட்டால்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையிலே உழைத்து உருகிய பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி. 2006 டிசம்பரில், தோகா ஆசிய விழாவில், 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். மார்பிலே பதக்கம் ஏறியது; மறுகணமே மருத்துவச் சோதனை வந்தது. பெண் என்று ஏற்பதற்கில்லை என்றனர்; பதக்கத்தைப் பறித்தனர். மூடிய அறையில், மருத்துவர் மென்குரலில் சொல்ல வேண்டிய செய்தி, நாடறிய முழங்கப்பட்டது.

ஊக்க மருந்து உண்டாரா? இல்லை. பொய்ச்சான்று காட்டினாரா? இல்லை. ஆள்மாறாட்டம் செய்தாரா? அதுவும் இல்லை. பெண்ணாகப் பிறந்ததாகவே அறிந்தார், பெண்ணாகவே வளர்ந்தார், ஓடினார்! நாடகம் எழுதுபவன் நான். குற்றமே இல்லாத தண்டனைக் காட்சியை எழுதினால் கொட்டகையில் எவரும் நம்பமாட்டார்.

அன்றைய முதல்வர் கலைஞர் 15 இலட்சம் ரூபாய்ப் பரிசை வழங்கினார். சாந்தி அதில் ஒரு பகுதியைக் கொண்டு ஏழைச் சிறாருக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். ஆயினும் 2012-ல் அவரே செங்கற்சூளையில் கூலிக்கு நின்றார். பயிற்சியாளர் படிப்பும் நிலையான பணியும் அதற்குப் பின்னரே வந்தன.

தென்னாப்பிரிக்காவைப் பார். 2009-ல் பெர்லினில் காஸ்டர் செமன்யா 800 மீட்டரில் தங்கம் வென்றபோது இதே ஐயம் எழுந்தது. "எங்கள் மகள் இவள்!" என்று அரசே எழுந்து நின்றது, தங்கம் அவரிடமே நிலைத்தது. நம் ஒடிசாவின் நெசவாளர் மகள் தூத்தி சந்த் 2014-ல் அணியிலிருந்து நீக்கப்பட்டார். வழக்காடினார், உடன்நின்று வாதாட ஆளிருந்தது. 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விழாவில் இரண்டு வெள்ளி! கத்தக்குறிச்சிக்கு வழக்காட எவர் வந்தார்?

பெண்கள் பிரிவு பெண்களுக்கே என்பது நியாயம். மறுப்பவன் அல்லன் நான். ஆனால் ஐயத்தின் பாரம் எப்போதும் பெண்ணின் தோளிலே ஏறுவதை மறக்கவும் மாட்டேன். 1928-ல் இதே 800 மீட்டரைப் பெண்களுக்குத் திறந்துவிட்டு, ஓடியவர்கள் துவண்டு விழுந்தனர் என்று கூக்குரலிட்டு, 1960 வரை 32 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் அதை மூடி வைத்தவர்கள் அல்லவா!

2025 செப்டம்பர் முதல், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்குவோர் முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. அப்படியானால் நம் கோரிக்கை தெளிவு: சோதனை உண்டெனில் ஊரில், உரிய வயதில், தாயின் மொழியில் விளக்கி, இரகசியம் காத்து நடக்கட்டும், முடிவு எதுவாயினும் படிப்பும் பிழைப்பும் பறிபோகாதிருக்கட்டும். சாந்தியின் வெள்ளிக்காக இந்திய ஒலிம்பிக் சங்கம் வாய் திறக்கட்டும்.

மடவார் வளாகத்துச் சிறுமிக்குக் காலணி வாங்க நம் கிளைத் தோழர்கள் நாலணா எட்டணா என்று சேர்ப்பது போலச் சில்லறை சேர்த்துவிட்டனர். வரும் ஞாயிறு கொடுக்கப்போகிறோம். சாந்தியின் கதையையும் அவளுக்கு நான் சொல்லவேண்டும். முதல் வசனத்தை எப்படித் தொடங்குவது என்றுதான் இன்னும் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.