கப்பல் டின்னருக்கு வேட்டி கட்டிட்டுப் போகலாமா?

"பாப்பா, கப்பல்ல ராத்திரி சாப்பாட்டுக்குக் கோட்டு போட்டாத்தான் உள்ள வுடுவாங்களாமே, நெசமா?"

செஞ்சியிலிருந்து பெரியப்பா போனில் கேட்டார். நெல் மூட்டையோடு கமிட்டிக்குப் போனாலும் சரி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, அவருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான். அவருக்கும் பெரியம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் மூன்று ராத்திரி கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். டிக்கெட்டோடு வந்த தகவலில் ஒரு வரி: இரண்டாம் நாள் இரவு 'ஃபார்மல் நைட்'.

"ஒரு கோட் சூட் எடுத்துடலாம்ப்பா" என்று அண்ணன் சொல்ல, பெரியப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "நீங்க போயி சாப்ட்டு வாங்க. நான் ரூம்லயே எதுனா சாப்ட்டுக்கறேன்."

"அறுபதாம் கல்யாணம் பண்ணி, கப்பல்ல கூட்டிட்டுப் போயி, என்னைத் தனியா உக்காந்து சாப்பிடச் சொல்றாரு பாரு" என்று பின்னால் பெரியம்மாவின் குரல்.

இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பல வீடுகளில், அப்பா அம்மாவை ஒருமுறை கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. சென்னையிலிருந்தே 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சுற்றுலா கிளம்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. டிக்கெட், பாஸ்போர்ட் பற்றியெல்லாம் விசாரிக்கிறோம். டின்னருக்கு என்ன உடுத்துவது என்பது மட்டும் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள்தான் ஞாபகம் வருகிறது. அதனால் 'பயணப் பெட்டி'யில் இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம்.

மூன்றே வார்த்தைகள்தான்

கப்பல் நிறுவனங்கள் சொல்லும் உடை விதிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

கேஷுவல்: பகலில் டெக்கில் நடக்க, பஃபேயில் சாப்பிட. டி-ஷர்ட், சுடிதார், சாதாரணப் புடவை எல்லாம் சரி. நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் மட்டும் சாப்பாட்டு ஹாலுக்குள் போகக் கூடாது.

ஸ்மார்ட் கேஷுவல்: பெரும்பாலான இரவுகளுக்கு இதுதான். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும். பெண்களுக்குப் புடவை, சல்வார், நல்ல குர்தி. ஒரு உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு எப்படிப் போவீர்களோ, அப்படி.

ஃபார்மல்: சில கப்பல்களில், சில இரவுகளில் மட்டும். மேல்நாட்டினர் கோட் சூட், டை, நீண்ட கவுன் என்று வருவார்கள்.

இதிலும் கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம் உண்டு. இங்கிலாந்தின் குனார்ட் நிறுவனக் கப்பல்களில் 'காலா ஈவ்னிங்' என்ற இரவுகளில் டின்னர் ஜாக்கெட், கறுப்பு சூட் என்று உடை விதி கறாராக இருக்கும். நார்வேஜியன் நிறுவனமோ 2000-ம் ஆண்டிலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில், விருப்பமிருந்தால் மட்டும் ஃபார்மல் உடை போதும் என்று மாற்றிக்கொண்டது. மற்ற பல நிறுவனங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அதனால் 'கப்பல் என்றாலே கோட்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கப்பல், எந்த இரவு, எந்த ரெஸ்டாரன்ட் என்று கேளுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

விமானம் பரவலாவதற்கு முன் கப்பலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரிவுகள் இருந்தன. முதல் வகுப்புச் சாப்பாட்டு அறைக்கு இரவு உடை மாற்றிக்கொண்டு வருவது பெரிய மனிதர்களின் அடையாளம். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இன்றைய ஃபார்மல் நைட்.

நம் ஊர்க்காரர்களும் கப்பலுக்குப் புதியவர்கள் கிடையாது. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை போய் வந்தது. அதில் போன தமிழர்களில் பெரும்பாலானவர்கள் டெக் பயணிகள். மேல் தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் போனவர்களிடம் டின்னருக்கு என்ன உடை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தலைமுறை இன்று பால்கனி வைத்த கேபினில் போகிறது. கேள்வி இப்போதுதான் நம்மிடம் வந்திருக்கிறது.

வெள்ளை உடையோடு இறங்கிய 18 வயதுப் பையன்

சாப்பாட்டு ஹாலுக்குப் பயந்து கேபினிலேயே சாப்பிட்டவர்களில் மிகப் பிரபலமானவர் காந்தி. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் படிக்கக் கிளம்பியபோது அவருக்கு வயது 18. கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சம். அதனால் வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டு போனதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

உடையிலும் சோதனைதான். கப்பலில் கறுப்பு சூட்டோடு இருந்தவர், கரையில் இறங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். போய் இறங்கியது செப்டம்பர் கடைசியில். அங்கே வெள்ளை உடையில் நின்றது அவர் ஒருவர்தான். பெட்டிகள் உடனே கைக்கு வராததால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அதே காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக 'ராஜ்புதானா' கப்பலில் ஏறியதும், லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை வரவேற்பில் மன்னரைச் சந்தித்ததும் அந்த உடையில்தான். முதல் பயணத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் நடுவில் 43 ஆண்டுகள். இங்கிலாந்தின் உடை வழக்கம் அப்படியேதான் இருந்தது. அந்த மனிதரின் கூச்சம்தான் போயிருந்தது.

வேட்டி ஃபார்மல் உடைதானா?

நம் ஊரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த து.அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியோடு போனார். கிளப்பின் உடை விதியைக் காட்டி அவரையும் வழக்கறிஞர்கள் இருவரையும் உள்ளே விடவில்லை. விஷயம் சட்டமன்றம் வரை போனது. அடுத்த மாதமே, வேட்டி உள்ளிட்ட இந்தியப் பாரம்பரிய உடை அணிந்து வருபவர்களை கிளப்புகளும் பொது இடங்களும் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மீறினால் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் இந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கு. சிங்கப்பூரிலிருந்து வேறொரு நாட்டுக் கொடியோடு போகும் கப்பலில் இதைக் காட்டி வாதாட முடியாது. அங்கே செல்லுபடியாவது டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகள்தான். அதிலேயே நமக்கு ஒரு வழி இருக்கிறது. கறாரான உடை விதி வைத்திருக்கும் குனார்ட்கூட, காலா இரவுக்கு அவரவர் நாட்டு ஃபார்மல் உடையில் வரலாம் என்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டி வரலாம் என்றால், செஞ்சிக்காரர் வேட்டி கட்டி வருவதற்கும் அதுவே பதில்.

இதில் பெண்களுக்குச் சிக்கல் குறைவு. பட்டுப்புடவையைப் பார்த்து 'இது ஃபார்மல்தானா' என்று யாரும் கேட்பதில்லை. சந்தேகம் வருவதெல்லாம் வேட்டிக்குத்தான். அந்தச் சந்தேகம் முதலில் வருவதும் கப்பல் வாசலில் நிற்பவருக்கு இல்லை, நமக்குத்தான். 'ஒரு நாளைக்கு பேன்ட் போட்டுக்கோங்கப்பா' என்று சொல்வது பெரும்பாலும் பிள்ளைகள். அப்பாவை யாராவது ஒரு மாதிரி பார்த்துவிடுவார்களோ என்ற அக்கறைதான் அது. ஆனால் அப்பாவின் காதில், 'உங்களை இப்படிக் கூட்டிப்போகக் கூச்சமாக இருக்கிறது' என்றுதான் விழுகிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உடை விதி என்றாலே அவமானம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஆண்கள் சந்நிதிக்குப் போகிறார்கள். வெளிநாட்டுக்காரரும் அங்கே அப்படித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை உண்டு. அதேபோல், வாழ்க்கையில் ஒருமுறை கோட் போட்டுப் பார்க்க அப்பாவே ஆசைப்பட்டால், 'தமிழன் வேட்டிதான் கட்டணும்' என்று அவரைத் தடுக்கவும் வேண்டாம். பையனின் ரிசப்ஷன் கோட் பீரோவில் சும்மாதானே தொங்குகிறது.

ஒரு கேள்வி, எழுத்தில்

டிக்கெட் போட்டவர் கப்பல் நிறுவனத்துக்கோ ஏஜென்ட்டுக்கோ மெயில் அனுப்பி இதைக் கேட்கட்டும்: "ஃபார்மல் நைட்டில் மெயின் டைனிங் ரூமுக்கு இந்திய நேஷனல் டிரெஸ்ஸான வேட்டி, முழுக்கைச் சட்டையில் வரலாமா?" ஒரு போட்டோவையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. பதிலை பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று பதில் வந்தால்? ஃபார்மல் இரவிலும் பெரும்பாலான கப்பல்களில் பஃபே திறந்தே இருக்கும். அங்கே கேஷுவல் உடை போதும். குடும்பமே சேர்ந்து அங்கே போய்விடுங்கள். ஒருவரை மட்டும் கேபினில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

வேட்டி: 4 முழத்தைவிட 8 முழம் நல்லது. கனமாக நிற்கும், ஏசி குளிருக்கும் தாங்கும். கப்பல் லேசாக ஆடும், படிகளும் உண்டு என்பதால் ஒட்டிக்கோ வேட்டியோ, பாக்கெட் வைத்த பெல்ட்டோ கைகொடுக்கும். கேபின் கார்டையும் அதில் வைத்துக்கொள்ளலாம். ஹாலுக்குள் மடித்துக் கட்ட வேண்டாம். லுங்கி கேபினோடு இருக்கட்டும்.

புடவை: கனமான காஞ்சிப்பட்டைவிட ஆரணிப் பட்டு மாதிரி லேசானது சுலபம். சுருங்காத துணியாக ஒன்று கூடுதலாக இருக்கட்டும். கொசுவத்தை முன்பே மடித்து, பின் குத்தி எடுத்துப்போனால் குறுகலான கேபினில் கட்டுவது எளிது.

அயர்ன் பாக்ஸ்: எடுத்துப்போகாதீர்கள். தீ அபாயம் என்பதால் கப்பல்களில் அனுமதி இல்லை, வாங்கி வைத்துவிடுவார்கள். அகல் விளக்கு, மெழுகுவத்திக்கும் இதே கதிதான். துணியை ஊரிலேயே தேய்த்து, பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள். கப்பல் லாண்டரியில் காசு கொடுத்தும் தேய்த்துக்கொள்ளலாம்.

செருப்பு: ரப்பர் செருப்பு நீச்சல் குளத்தோடு சரி. டின்னருக்குப் பின்பக்கம் வார் வைத்த தோல் செருப்போ ஷூவோ போடுங்கள். ஆடும் தரையில் ஹை ஹீல்ஸ் வேண்டாம்.

சால்வை: சாப்பாட்டு ஹாலில் குளிர் அதிகமாக இருக்கும். விசேஷங்களில் போர்த்திய பொன்னாடைகள் வீட்டில் குவிந்திருக்குமே, அவற்றுக்கு இப்போதுதான் வேலை.

கைப்பை: முதல் நாள் பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர நேரமாகலாம். அன்றைய இரவு உடையையும் மாத்திரைகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தாமதமாக வரும் என்பதால் முதல் இரவில் பொதுவாக ஃபார்மல் வைப்பதில்லை. கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளில்தான் பெரும்பாலும் வரும்.

டின்னர் முடிந்ததும் போட்டோகிராஃபர் வருவார். அந்தப் போட்டோ வீட்டு ஹாலில் பல வருஷம் தொங்கப்போகிறது. அதில் அப்பாவும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும். என்ன உடை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

(அடுத்த வாரம்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், இனிஷியல் குழப்பம். விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது?)