குண்டை மாற்றச் சொன்னவர்கள் குழலைக் கேட்கவில்லை

ஜூலை 1, 2019 முதல் கலிஃபோர்னியாவில் எந்தக் காட்டுயிரைத் துப்பாக்கியால் வேட்டையாடினாலும் ஈயம் கூடாது. 2013இல் நிறைவேறிய ஏபி 711 சட்டத்தின் மூன்றாம் கட்டம் இது. 2015, 2016இல் வந்த முதல் இரண்டு கட்டங்களை ரவை சுடுபவர்கள் பாடு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிட்டோம். இனி ஒதுங்க இடமில்லை. தோட்டா, ரவையோடு, வாய்வழி மருந்திட்டுச் சுடும் நம் மஸில்லோடர்களின் உருண்டைக் குண்டும் விதியில் அடக்கம். பிளின்ட்லாக் என்றோ, கேப் வைத்துச் சுடும் பழைய இரட்டைக்குழல் என்றோ தனிச்சலுகை கிடையாது. எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருந்தால் அது ஈயக் குண்டுதான்.

இதழின் நிலைப்பாடு இதுதான்: கட்டுப்படுவோம். 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கிய காண்டோர் இனத்துக்கு, நாம் காட்டில் விட்டுவரும் குடலிலும் சதையிலும் கிடக்கும் ஈயம் நஞ்சு என்பதில் வாதாட ஒன்றுமில்லை. நம் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் உலோகம். 13 போர் குழலுக்கு, அதாவது 0.710 அங்குலத்துக்கு, 0.690 குண்டை எடுத்துக்கொள்வோம். ஈயத்தில் அது 493 கிரெய்ன். தூய பிஸ்மத்தில் 425 அளவில் நிற்கும். வெள்ளீயம் சேரச் சேர இறங்கும். தனி வெள்ளீயத்தில் 318தான். மென்மையில் ஈயத்துக்குப் பக்கத்தில் வருவது வெள்ளீயம்தான் என்றாலும், எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்த குண்டு வேகமாகக் கிளம்பி வேகமாகவே சோர்ந்துபோகும். இருபத்தைந்து கஜத்துக்கு அப்பால் அதை நம்பச் சொல்ல மாட்டோம். துத்தநாகம் கடினம், எடையும் குறைவு. எஃகுக் குண்டைப் பழைய டமாஸ்கஸ் குழலில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். எஞ்சுவது பிஸ்மத்–வெள்ளீயக் கலவை ஒன்றே.

வார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பிஸ்மத் உறையும்போது ஈயம்போலச் சுருங்காது, விரியும். ஈயத்துக்கு 0.690 தந்த அச்சு பிஸ்மத்துக்கும் அதையே தரும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு குண்டையும் அளந்துதான் பையில் போட வேண்டும். இரண்டாவது, பானை. ஈயம் உருக்கிய பானையிலும் கரண்டியிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே 1 சதவீத எல்லையைத் தாண்டவைத்துவிடும். பழைய பியூட்டர் பாத்திரம், சால்டர் கம்பி, அச்சுக்கூட எழுத்து உலோகம் எதையும் கலவையில் சேர்க்காதீர்கள்.

இலக்குச் சுடுதலை இந்தச் சட்டம் தொடவில்லை. அதனால் பயிற்சிக்கு ஈயம், காட்டுக்குப் பிஸ்மத் என்று இரண்டு வகையும் நம்மிடம் இருக்கும். வேட்டைக்குப் போகும்போது, கையிலுள்ள துப்பாக்கியில் சுடக்கூடிய ஈயக் குண்டு ஒன்று பையில் கிடந்தாலும் மீறல்தான். முதல் முறை 500 டாலர். அடுத்த முறை 1,000 முதல் 5,000 வரை. பையைத் தனியாக வையுங்கள். எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால் பயிற்சியிலும் சில குண்டுகளாவது பிஸ்மத்தாக இருக்கட்டும். இரட்டைக்குழலில் இது இன்னும் முக்கியம்.

இனி குழல். வாயை இறுக்கிய, அதாவது சோக் வைத்த, குழல்களில் 1875 முதல் 1887 வரை ஆங்கிலேயப் புரூஃப் (வலிமைச் சோதனை) சாலைகள் ‘நாட் ஃபார் பால்’ (குண்டுக்கு அல்ல) என்று பொறித்தன. நம்மிடம் உள்ளவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. எச்சரிக்க முத்திரை இருக்காது. மஸில்லோடரில் வாயைத் தாண்டித்தான் குண்டு உள்ளே போகிறது என்பதால் சோக் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. வாய் இறுகி உள்ளே அகன்றிருந்தால் குண்டு தளர்ந்து கிடக்கும். முதல் குழல் உதைக்கும் உதையில் இரண்டாவது குழலின் குண்டு மருந்தைவிட்டு முன்னே நகரும். வாய் அகன்று நடுவில் இறுகியிருந்தால் குண்டு பாதி வழியில் சிக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலியிடம் விட்டுச் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஈயம் இத்தனை காலமும் இந்தக் குறைகளை மன்னித்துவந்தது. இறுக்கமான இடத்தில் ஒடுங்கி இறங்கியது. அப்படியும் சிக்கினால் திணிகோலின் திருகைச் செலுத்தி இழுத்துவிடலாம். பிஸ்மத் ஒடுங்காது, திருகு ஏறினால் நொறுங்கும். அதனால் அளக்காத குழலில் பிஸ்மத் குண்டை இறக்காதீர்கள். பின்முனையிலிருந்து வாய்வரை இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை அளந்து, மிகக் குறுகிய இடத்துக்கு ஏற்பக் குண்டையும், மிக அகன்ற இடத்துக்கு ஏற்பத் தக்கையையும் தேர்ந்தெடுங்கள். குண்டின் மேல் ஓர் அட்டைத் தக்கை கட்டாயம்.

இந்த இதழ் நெடுநாளாகச் சொல்லிவருவதை இங்கே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. ‘13’ என்ற முத்திரை அந்தக் குழல் புரூஃபுக்குப் போன நாளின் அளவு. அதன்பின் துரு நீக்கக் கடைந்தவர் எத்தனை பேர், வாயை அகற்றியவர் யார் என்று முத்திரைக்குத் தெரியாது. குழலைச் சோதிக்கும் மரபு பிரிட்டனில் பழையது. லண்டனில் துப்பாக்கி செய்வோர் கம்பெனிக்கு 1637இல் பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாமின் புரூஃப் சாலை 1813இல் வந்தது. கடைந்து அளவு மீறிய குழலை மறுபுரூஃப் இல்லாமல் விற்பது பிரிட்டனில் குற்றம். அமெரிக்காவிலோ அரசு புரூஃப் சாலை ஒன்றுகூட இல்லை. நூற்றைம்பது ஆண்டுப் பழமையான குழல் கைமாறும்போது அதன் சுவர்க் கனம் என்ன என்று கேட்கும் விதி கிடையாது. விற்பவர் முத்திரையைக் காட்டுவார். வாங்குபவர் அதை நம்பிக் குண்டு வாங்குவார்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் மென்மையான உலோகத்தைப் பிடுங்கிக்கொண்டு கடினமான உலோகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். காண்டோரின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் குண்டு எந்தக் குழலில் இறங்கப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சட்டத்தில் நிறுத்திவைக்கும் விதி ஒன்று உண்டு: குறிப்பிட்ட காலிபரில் ஈயமில்லாத குண்டு எந்த உற்பத்தியாளரிடமும் கிடைக்காவிட்டால் மாநிலக் காட்டுயிர்த் துறை இயக்குநர் தடையைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஆனால் அதற்குக் காரணம், கவசம் துளைக்கும் தோட்டாக்கள் மீதான கூட்டாட்சித் தடையாக மட்டுமே இருக்க வேண்டும். 13 போருக்கும் 15 போருக்கும் குண்டு வார்க்க யாரும் முன்வராவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு காரணமே அல்ல. நிதி இருந்தால் இலவசமாகவோ குறைந்த விலையிலோ குண்டு தருவோம் என்கிறார்கள். கடையில் இல்லாத குண்டை எந்த விலைக்குக் குறைப்பார்கள்? சான்று பெற்ற குண்டுகளின் பட்டியலும் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுந்தது. காலிபர் என்ற பெட்டிக்குள் அடங்காத துப்பாக்கிகளை, செருப்புக்கேற்பக் காலை வெட்டுவதுபோல அதற்குள் திணிக்கிறார்கள்.

மூன்று கோரிக்கை வைக்கிறோம். நிறுத்திவைக்கும் விதி, உண்மையிலேயே குண்டு கிடைக்காத போர் அளவுகளுக்கும் விரிய வேண்டும். கலவை வாங்கிய ரசீதைக் காட்டும் வீட்டு வார்ப்பாளருக்கு எளிய சான்றுமுறை வேண்டும். பழைய குழல்களை அளந்து எழுதித் தரும் ஓர் இடமாவது மாநிலத்தில் வேண்டும்.

அது வரும்வரை நம் பொறுப்பு நம்முடையது. அடுத்த இதழிலிருந்து, குழலின் உள்ளளவுகளை எழுதாமல் வரும் குண்டு, மருந்து அளவுக் குறிப்பு எதையும் வெளியிட மாட்டோம், எழுதியவர் எத்தனை மூத்த சுடுநராக இருந்தாலும்.